புது போன் வாங்கும் முன் பழைய போனைத் துடையுங்கள்

போன் மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு புது போன்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். இதில் 50 மெகாபிக்சல், அதில் 200. இதற்கு இரண்டு கேமரா, அதற்கு மூன்று. இந்தப் பந்தயத்தில் எது ஜெயித்தால் என்ன, நமக்குத் தெரியவேண்டியது வேறு. சட்டைப் பையில் இருக்கிற போனால் முடியாத எந்த வேலையை அந்தப் புது போன் செய்யப்போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இருபத்தைந்தாயிரமோ ஐம்பதாயிரமோ எடுத்து நீட்டுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. நம்பி ஏமாறக்கூடாதவையும் உண்டு.

செய்ய வேண்டியவை

பழைய போனின் லென்ஸைத் துடைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். "கேமரா போயிடுச்சு" என்று சொல்லப்படும் பல போன்களில் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது; கண்ணாடி மேல் விரல் எண்ணெய் படிந்திருக்கிறது. பகலில் அது தெரியாது. இரவில் தெருவிளக்கைச் சுற்றி ஒளி வழியும், வண்டி ஹெட்லைட்டிலிருந்து நீளமாகக் கீற்று இழுக்கும், கறுப்பாக இருக்க வேண்டிய வானம் சாம்பலாகும். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் இரண்டு தேய்ப்பு போதும். கடையில் ஒட்டிக்கொடுத்த லென்ஸ் கார்டு இருந்தால் அதைப் பிய்த்துவிட்டும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸுக்கு மேல் கம்பெனிக்காரனே கெட்டியான கண்ணாடி வைத்துத்தான் அனுப்புகிறான். அதன்மேல் மலிவான இன்னொரு கண்ணாடியை ஒட்டினால் இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் மோதித் திரும்பி, படத்தில் இல்லாத விளக்கெல்லாம் முளைக்கும். சிலருக்கு போன் மாற்றும் ஆசை இத்தோடு அடங்கிவிடும்.

பேட்டரியை மாற்றினால் போதுமா என்று விசாரியுங்கள். போன் "ஸ்லோ" ஆனதற்கும் பேட்டரிக்கும் தொடர்பு இருக்கலாம். தளர்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைப்பதை 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஐபோன் 14 வரைக்கும் 500 முறை முழு சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 80 சதவீதம் கொள்ளளவு மிஞ்சும் என்பதுதான் அவர்கள் கணக்கு. 15இலிருந்து அதை 1000 முறை என்றார்கள். தினமும் ஒரு முழு சார்ஜ் என்றால் 500 என்பது ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி போட்டுக்கொள்வதற்கு ஆகும் செலவு புது போன் விலையில் ஒரு சிறு பங்குதான்.

கேலரியைத் திறந்து, சொதப்பிய படங்களை மட்டும் தனி ஆல்பத்தில் போடுங்கள். இதுதான் முக்கியமான வேலை. நம் வீட்டு கேலரிகளில் இருப்பது என்ன? ஓடுகிற குழந்தை, கல்யாண மேடை, கோபுரம், வாழை இலை, கரண்ட் பில், ஆதார் அட்டை, வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் கேட்ட வீட்டுப்பாடம். இதில் எவை சரியாக வரவில்லை என்று பிரித்தால் அதுவே புது போனுக்கான வினாத்தாள்.

ஏனென்றால் ஒவ்வொரு சொதப்பலுக்கும் காரணம் வேறு. குழந்தையின் முகம் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. மேடையில் மாப்பிள்ளை முகம் புள்ளி புள்ளியாக இருந்தால் நிஜமான ஜூம் லென்ஸ் இல்லை. பில்லின் நடுவில் எழுத்து தெரிந்து ஓரத்தில் மங்கினால், கேமரா மிகக் கிட்டத்தில் போயிருக்கிறது. கலங்கிய படத்தை கூகுள் போட்டோஸில் திறந்து மேலே தள்ளினால் அதன் விவரங்கள் வரும். அங்கே 1/15 என்று இருந்தால், ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தது என்று பொருள். அதற்குள் மூன்று வயதுக் குழந்தை தலையைத் திருப்பி, கையை ஆட்டி, சிரித்தும் முடித்திருக்கும். விளையாடுகிற குழந்தைக்கு 1/125, அதைவிட வேகமாக இருந்தால் இன்னும் நல்லது. விற்பனையாளர் இந்த இடத்தில் "இதுல ஓஐஎஸ் இருக்கு சார்" என்பார். ஓஐஎஸ் நம் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். குழந்தையின் ஓட்டத்துக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே வேண்டியது பெரிய சென்சார், ஷட்டரை வேகமாக வைக்கத் தெரிந்த மென்பொருள், பட்டனை அமுக்கியதும் தாமதிக்காமல் எடுப்பது. கடைசியாகச் சொன்னதை எந்த விளம்பரமும் எழுதுவதில்லை. நண்பரிடம் அந்த போன் இருந்தால் ஓடுகிற மின்விசிறியையோ தெருவில் போகிற சைக்கிளையோ எடுத்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

பில், ஆதார் விஷயத்துக்குப் புது போனே தேவைப்படாது. பெரிய சென்சார் வைத்த மெயின் கேமராக்களால் மிக நெருங்கிக் குவிக்க முடியாது. பலவற்றில் 15, 20 சென்டிமீட்டருக்குள் போனால் மங்கும். கொஞ்சம் பின்னால் போய் 2எக்ஸ் வைத்து எடுங்கள். விலை உயர்ந்த போன்களில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்பது வேடிக்கை.

பட்டுப்புடவையை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் கேமராவைச் சோதிக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. அரக்கு அல்லது குங்குமச் சிவப்புப் புடவை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போடுங்கள். பல போன்கள் நிறத்தைத் தூக்கிக் காட்ட ஆசைப்பட்டு சிவப்பை ஏற்றிவிடும். விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் நெசவு, மடிப்பு, புட்டா எல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். சரிகை வெள்ளையாக வெந்துபோயிருக்கும். அடுத்து மயில் கழுத்து நிறம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வதால் திருப்பினால் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். அதே புடவையை அதே இடத்தில் 0.6எக்ஸ், 1எக்ஸ், 3எக்ஸ் என்று மூன்று லென்ஸிலும் எடுங்கள். மூன்றிலும் நிறம் ஓரளவு ஒத்துப்போனால் கம்பெனி வேலை செய்திருக்கிறது. ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் சாம்பல் என்று வந்தால், மெயின் கேமராவுக்கு மட்டும் செலவழித்து மற்ற இரண்டையும் கணக்குக்கு ஒட்டியிருக்கிறார்கள்.

முகம் எடுக்கும் முன் பியூட்டி வசதியை அணைத்துவிடுங்கள். சில போன்களில் அது பெட்டியிலிருந்து வரும்போதே போடப்பட்டிருக்கும். மாநிறத்தை ஒரு படி வெளுத்து, கன்னத்தின் துவாரங்களை மெழுகி, "செல்ஃபி சூப்பர்" என்று சொல்ல வைப்பதற்கான ஏற்பாடு அது. அதை அணைத்த பிறகு கறுத்த நிறமுள்ள ஒருவரும் வெளுத்த நிறமுள்ள ஒருவரும் பக்கத்தில் நிற்க, ஜன்னலைப் பின்னால் வைத்து எடுங்கள். இருவர் முகமும் அவரவர் நிறத்தில் தெரிகிறதா, பின்னால் வானம் வெந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். கறுத்த தோலைச் சரியாகக் காட்டாத குறை கேமராக்களில் பழையது. கூகுள் 2021இல் பிக்சல் 6 வந்தபோது 'ரியல் டோன்' என்று பெயரிட்டே அதைச் சரிசெய்ய முனைந்தது.

கடைக்குள் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், வாசலுக்கு வாருங்கள். போன் கடை அந்தத் தெருவிலேயே வெளிச்சமான இடம். அங்கே எல்லா போனும் நன்றாகத்தான் எடுக்கும். டெமோ பீஸ் கம்பியில் கட்டியிருந்தாலும் அது எட்டும் தூரம் வரை வாசல் பக்கம் கொண்டுபோய், உள்ளே நிழலும் வெளியே வெயிலுமாக ஒரு படம் எடுங்கள். பிறகு கவுன்ட்டர் மேசைக்கு அடியில், இருட்டில் ஒன்று. சென்னை ரிச்சி தெரு மாதிரி குறுகலான இடமென்றால் வாசலில் நின்றாலே நிழல் சந்து, வெயில் வானம், விளக்கு போர்டு மூன்றும் ஒரே படத்தில் கிடைத்துவிடும். முடிந்தால் அந்தப் படங்களை உங்கள் போனுக்கு அனுப்பி, உங்கள் திரையில் பாருங்கள். இரண்டு போனின் படங்களை இரண்டு திரைகளில் பார்த்தால் நீங்கள் ஒப்பிடுவது திரையைத்தான்.

அதே வாசலில் இன்னொரு காரியமும் முடியும். வெயிலில் திரையைப் பாருங்கள். 'இத்தனை ஆயிரம் நிட்ஸ்' என்று அச்சடிப்பது பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் கணநேரம் எட்டுகிற ஒளிர்வின் உச்சம். பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் ஓடிபி படிக்க முடியுமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இருக்காது.

ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். 3எக்ஸோ 5எக்ஸோ வைத்துக்கொண்டு பின்பக்க லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மறையுங்கள். டெலிபோட்டோ என்கிற ஜூம் லென்ஸை மறைக்கும்போது திரை இருண்டால் நிஜமாகவே அந்த லென்ஸ் வேலை செய்கிறது. மெயின் கேமராவை மறைக்கும்போது இருண்டால், அதன் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதை வெளிச்சத்தில் ஒருமுறை, மங்கலில் ஒருமுறை செய்யுங்கள். பகலில் ஒழுங்காக டெலிபோட்டோவைப் பயன்படுத்தும் போன்களில் பல, வெளிச்சம் குறைந்ததும் சொல்லாமல் மெயின் கேமராவுக்குத் தாவிவிடும். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டுவதை எடுக்க நினைப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எல்இடி விளக்கின் கீழ் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, வீடியோவில் மேலிருந்து கீழே ஓடும் கறுப்புப் பட்டைகளாக விழும். செட்டிங்ஸில் ஆன்டி-ஃப்ளிக்கர் என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வையுங்கள். நொடிக்கு 60 பிரேமில் எடுத்தால் பட்டை விழுந்து 30இல் விழாமல் போவதும் உண்டு. இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். கூடவே பேசிக்கொண்டே நடந்து போங்கள். காற்று இரைச்சலில் குரல் மூழ்குகிறதா என்பது அப்போது தெரியும். வீடியோவில் ஒலியை யாரும் ஒப்பிடுவதில்லை, ஆனால் பாட்டி பாடின தாலாட்டை எடுத்து வைத்தவருக்கு அதுதான் பெரிது.

ஸ்டோரேஜை உங்கள் வீடியோ பழக்கத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 4கே, நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. ஒரு மணி நேர ஆண்டு விழா 24 ஜிபி. 128 ஜிபி போனில் சிஸ்டம், செயலிகள், வாட்ஸ்ஆப் போக மிஞ்சுவதில் இப்படி எத்தனை விழா அடங்கும்? கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்ட காலம் 2021 மே மாதத்தோடு முடிந்தது. இப்போது ஜிமெயிலையும் சேர்த்து 15 ஜிபிதான் சும்மா. மெமரி கார்டு போடும் இடம் பல புது போன்களில் இல்லை, பழைய போனில் இருக்கலாம். கேமராவில் பத்து ரூபாய் ஏறி இதில் இருபது ரூபாய் இறங்குகிறோமா என்று பார்க்க வேண்டிய இடம் இது.

அப்டேட் எந்த வருடம் வரை என்று கேளுங்கள், எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தன. அந்த ஏழு வருடம் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலுக்கு ஐந்து வருடம்தான் மிச்சம். அதுவும் மோசமில்லை. ஆனால் இரண்டே வருட அப்டேட் தருகிற மலிவு போனை ஒன்றரை வருடம் கழித்து ஆடித் தள்ளுபடியில் வாங்கினால், வங்கிச் செயலி என்றாவது ஒருநாள் "இந்த போனில் ஓடாது" என்று கைவிரிக்கும்.

ஐரோப்பிய லேபிளைப் பாருங்கள். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு மின்சார லேபிள் கட்டாயம். ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம், பேட்டரி எத்தனை சுற்று தாங்கும், கீழே விழுந்தால் எந்தத் தரம், பழுது பார்க்க எளிதா என்று ஒரே சீட்டில் போட்டிருப்பார்கள். நம் ஊரில் விற்கிற அதே மாடலுக்கு அந்தச் சீட்டை இணையத்தில் தேடி எடுத்து ஒப்பிடலாம். பேட்டரி அளவு மட்டும் இங்கேயும் அங்கேயும் வேறாக இருக்கக்கூடும், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். திரை உடைந்தால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய போன் எவ்வளவு நன்றாகப் படம் எடுத்தால் என்ன.

ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். கேமரா பெருக்கப் பெருக்க போன் கனத்துக்கொண்டே போகிறது.

செய்யக்கூடாதவை

மெகாபிக்சலை எண்ணாதீர்கள். 10 லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். வரவேற்பறையில் இருக்கும் 4கே டிவியின் மொத்தப் புள்ளிகள் சுமார் 83 லட்சம், அதாவது 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 200 மெகாபிக்சல் போன் சாதாரணமாக எடுக்கும்போது 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் போன் நான்கைச் சேர்த்து அதே 12.5 தரும். ஐபோன் 2015இல் வந்த 6எஸ்ஸிலிருந்து 2021இன் 13 வரை 12 மெகாபிக்சலிலேயே காலம் தள்ளியது. அந்த ஆறு வருடத்தில் படங்கள் மேம்படவில்லை என்று யாராவது சொல்வார்களா? கேட்க வேண்டியது சென்சாரின் அளவு. 1/1.3 என்றும் 1/2.8 என்றும் எழுதியிருப்பார்கள்; கோட்டுக்குக் கீழே இருக்கும் எண் சிறுத்தால் சென்சார் பெருத்தது என்று அர்த்தம். பெருத்தது அதிக வெளிச்சம் வாங்கும். இரவுப் படத்தின் பாதி கதை இதிலேயே முடிந்துவிடும்.

பின்பக்கத்தில் எத்தனை வட்டம் என்று பார்க்காதீர்கள். மலிவு போன்களில் மூன்றாவது, நான்காவது வட்டம் 2 மெகாபிக்சல் மேக்ரோவாகவோ டெப்த் சென்சாராகவோ இருக்கும். வாங்கிய வாரத்தில் ஒரு செம்பருத்திப் பூவை எடுத்துவிட்டு அதற்கப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு நல்ல மெயின் கேமராவும் காட்சியை அகலமாக எடுக்கிற உருப்படியான அல்ட்ராவைடும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

விளம்பரப் படத்தை அந்த போன் எடுத்தது என்று நம்பாதீர்கள். 2012இல் நோக்கியா லூமியா 920க்கு, ஆடாத வீடியோ என்று ஒரு விளம்பரம் வந்தது. சைக்கிளில் போகும் பெண்ணைப் பக்கத்தில் இன்னொரு சைக்கிளில் போகிறவர் போனில் எடுப்பதாகக் காட்சி. வழியில் நின்ற வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் படப்பிடிப்பு வேனும் பெரிய கேமராவோடு ஒரு ஆளும் பிரதிபலித்துவிட்டார்கள். நோக்கியா மன்னிப்புக் கேட்டது. இத்தனைக்கும் அந்த போனில் ஓஐஎஸ் நிஜமாகவே நன்றாக இருந்தது.

100எக்ஸ் நிலாவுக்கு மயங்காதீர்கள். 2020இல் கேலக்ஸி எஸ்20 அல்ட்ரா வந்ததிலிருந்து 100எக்ஸ் ஜூம் என்பது கடைவாசல் வித்தையாகிவிட்டது. 2023 மார்ச்சில் ரெடிட் தளத்தில் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, இருட்டறையில் சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் போன் படத்தில் வந்து நின்றன. நிலா எப்படி இருக்கும் என்று மென்பொருளுக்கு முன்பே தெரியும், அது நிரப்பிக்கொண்டது. உங்கள் மகள் பள்ளி மேடையில் ஆடும்போது அவள் முகத்தை அப்படி நிரப்ப அதற்குத் தெரியாது. நிரப்ப முயன்றால் மெழுகு பொம்மை முகம்தான் கிடைக்கும். ஜூமில் பார்க்க வேண்டியது 3எக்ஸ், 5எக்ஸ் என்கிற நிஜ லென்ஸின் எண். அதைப்போல இரண்டு மடங்கு வரை தாக்குப்பிடிக்கும். மற்றது வேடிக்கை காட்டத்தான்.

வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தையும் யூடியூப் வீடியோவையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். "என் மச்சான் போன்ல எடுத்து அனுப்பினான், கலங்கலா இருக்கு" என்பவர் பார்த்தது வாட்ஸ்ஆப் கசக்கி அனுப்பிய படம். 2023 ஆகஸ்டில் எச்டி வசதி வந்த பிறகும் அதை அமுக்கி அனுப்புகிறவர்கள் குறைவு. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அசல் கிடைக்கும். ஜிஎஸ்எம் அரீனா மாதிரி தளங்களில் ஒரே காட்சியைப் பல போன்களில் எடுத்த படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் அது அசையாத காட்சி, அளந்து வைத்த விளக்கு. உங்கள் சொதப்பல் ஆல்பத்துக்கு அதில் முழுப் பதில் கிடைக்காது.

புது எண் வந்தால் புது கேமரா என்று எண்ணாதீர்கள். 2022இன் கேலக்ஸி எஸ்22, அதன் பின் எஸ்23, எஸ்24, 2025இன் எஸ்25 நான்குக்கும் பின்பக்கக் கேமரா விவரத்தை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். 50 மெகாபிக்சல் மெயின், 12 மெகாபிக்சல் அல்ட்ராவைடு, 10 மெகாபிக்சல் 3எக்ஸ் டெலிபோட்டோ. நான்கு வரியும் ஒரே வரியாக இருக்கும். சிப்பும் மென்பொருளும் மாறியிருக்கின்றன, அதனால் படமும் கொஞ்சம் மாறும். அந்தக் கொஞ்சத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது. போன வருட உயர்ரக போனும் இந்த வருட நடுத்தர போனும் ஒரே விலையில் கிடைத்தால், கேமராவுக்காக நான் பழையதைத்தான் எடுப்பேன். பேட்டரிக்காகவென்றால் புதியது.

"8 ப்ளஸ் 8" ரேமை 16 என்று கூட்டாதீர்கள். "அக்கா, மொத்தம் 16 ஜிபி ரேம் வருதுக்கா" என்று கடைப் பையன் சொல்லும்போது, இரண்டாவது 8 உங்கள் ஸ்டோரேஜிலிருந்தே கடன் வாங்கியது. ரேமின் வேகம் அதற்குக் கிடையாது. 8 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபி68 என்று போட்டிருக்கிறதென்று கடலில் இறங்காதீர்கள். தண்ணீர் புகுகிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், நல்ல தண்ணீரில், புது போனுக்குச் செய்வது. உப்புத் தண்ணீர், குற்றால அருவியின் வேகம், கீழே விழுந்து நெளிந்த ஓரம் எதுவும் அதில் சேராது. தண்ணீர் புகுந்தால் வாரன்ட்டி பொதுவாகக் கைகொடுப்பதும் இல்லை. மழையில் நனைந்தால் பதறாமல் இருக்கத்தான் அந்த எண்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவருவார் என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பாதீர்கள். 2022இன் ஐபோன் 14இலிருந்து அமெரிக்காவில் விற்கும் ஐபோன்கள் இசிம்மை நம்பியே வருகின்றன, சிம் கார்டு செருகும் இடம் கிடையாது. ஆண்ட்ராய்டு என்றால் நம் நாட்டு 5ஜி அலைவரிசைகள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜியோ பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி உள்ளறை வரை வரக்கூடியது. அது இல்லாத போனில் வாசலில் 5ஜி, சமையலறையில் 4ஜி என்று ஆகலாம். மாமா விமான நிலையத்திலிருந்து அழைத்து "எந்த கலர் வேணும்" என்று கேட்கும்போது இதையெல்லாம் கேட்கத் தோன்றாது. முன்கூட்டியே மாடல் எண்ணை வாங்கிச் சரிபாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் ஐஎம்இஐ பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். *#06# போட்டால் போனின் அந்த அடையாள எண் வரும். அதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் இட்டால், திருட்டு என்று முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பெட்டியில் இருக்கும் எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்றால் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொன்னது. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு மறுபடி வட்டியாக வாங்குகிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதோடு பிராசஸிங் கட்டணம். முழுப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். சில கடைகளில் அந்தக் கேள்விக்கே ஆயிரம், இரண்டாயிரம் குறையும்.

கல்யாணத்துக்கு முதல்நாள் போன் மாற்றாதீர்கள். புது கேமரா எந்த வெளிச்சத்தில் என்ன செய்யும் என்று கைக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும். அந்த ஒரு வாரம் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு ஒரே காட்சியை இரண்டிலும் எடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் பழைய போனை அவசரமாகக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் டெலிவரிக்கு வருகிற தம்பி புது பெட்டியை நீட்டிய கையோடு பழைய போனைக் கேட்பார். அடுத்த ஆர்டருக்கு நேரமாகிறது, வாசலில் நிற்கிறார், நீங்கள் அப்போதுதான் வாட்ஸ்ஆப் பேக்கப் எடுக்கத் தொடங்குவீர்கள். முந்தின இரவே முடித்துவையுங்கள். படங்கள் கம்ப்யூட்டருக்கோ பென் டிரைவுக்கோ, வாட்ஸ்ஆப் பேக்கப், தொடர்பு எண்கள். அலுவலகத்துக்கு ஆதென்டிகேட்டர் செயலி வைத்திருந்தால் அதை வேறு போனுக்கு மாற்றாமல் அழித்துவிட்டால் திங்கட்கிழமை உள்ளே நுழைய முடியாது. கூகுள் கணக்கிலிருந்தோ ஆப்பிள் கணக்கிலிருந்தோ வெளியே வந்துவிட்டுத்தான் ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் போன் பூட்டிக்கொள்ளும், எடுக்க வந்தவர் மதிப்பைக் குறைப்பார் அல்லது வாங்க மறுப்பார். புது பெட்டியைப் பிரிப்பதை வீட்டில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கடைசியாக சிம் கார்டு, மெமரி கார்டு, பேக் கவருக்குள் அவசரத்துக்கென்று மடித்து வைத்த ஐநூறு ரூபாய் நோட்டு, மூன்றையும் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.